குசினிக்குள் நின்ற சுவர்

என் பென்ஷனைக் கொண்டாட மகள் துஷி ஜூரா மலையில் ஒரு பண்ணை வீட்டை வார இறுதிக்கு எடுத்திருந்தாள்.

"அப்பா, பழைய கல்லு வீடு. உங்களுக்கெண்டே தேடிப் பிடிச்சனான். பாருங்கோ" என்று கைப்பேசியை என் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

நல்ல கதை. வாழ்நாள் முழுக்கப் பழைய கல் வீடுகளுக்குள் நின்று தூசி குடித்தவனைக் கொண்டாட இன்னொரு பழைய கல் வீடு! சமையல்காரனின் பிறந்தநாளுக்கு அவனையே அடுப்படிக்கு அனுப்பின மாதிரி. ஏதாவது சொல்லுவோம் என்று வாயைத் திறந்தவன் படத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். வாசலுக்கு மேலே கிடந்த நிலைக்கல்லின் நடுவில் சின்னக் கூர் வைத்து இரண்டு பக்கமும் வளைத்துச் செதுக்கியிருந்தது. அதன் இடது கரையில் ஒரு பழைய வெடிப்பு. அந்த வெடிப்பைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தது இந்தக் கைதான்.

"குசினியையும் காட்டட்டோ அப்பா?" என்று கேட்டாள்.

"வேண்டாம், வேண்டாம். போய்ப் பார்ப்பம்" என்றேன். அந்தச் சமையலறையைப் படத்தில் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

வேலையை விட்டு வந்த அன்று கம்பனியின் இளம் பெடியள் கேட்டார்கள், உன் காலத்தில் ஆகக் கஷ்டமான வேலை எது என்று. தேவாலயக் கோபுரத்தைச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இப்போது அவர்களிடம் லேசர் இயந்திரம் இருக்கிறது. அதை வீட்டின் நடுவில் வைத்தால், ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் கல்லுக் கல்லாக வீடு முழுவதும் கணினிக்குள் போய்விடும். நான் சொன்னேன், ஒரு குசினிச் சுவர் என்று. ஆளுயரம், பாரம் ஒன்றும் தாங்காத சுவர். பெடியள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தச் சுவர் எனக்கு இன்றைக்கும் முழுதாக விளங்கவில்லை.

நான் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோர் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். அகதியாக வந்தேன். நொஷாட்டல் நகரத்தில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினேன். அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும் கல் கட்டும் ஒரு மேசன்மார் கூட்டத்துக்கு ஒரு நாள் ஆள் குறைந்தது. மூட்டை தூக்கப் போனேன், திரும்பிக் கோப்பைக்கு வரவில்லை. சுண்ணாம்பு நீற்றவும், சாந்து குழைக்கவும், கல் எந்தப் பக்கம் படுக்கும் என்று பார்க்கவும் அடியும் பேச்சுமாகப் பழகினேன். சும்மா சொல்லக்கூடாது, அங்கத்தைய கல் எனக்கு அந்நியமாக இருக்கவில்லை. அதுவும் சுண்ணாம்புக்கல், யாழ்ப்பாணத்து நிலமும் சுண்ணாம்புக்கல். இரண்டு இடத்திலும் மழைத் தண்ணீர் மேலே நிற்காது, நிலத்துக்குள் ஓடிவிடும். நாங்கள் அதைத் தேடிக் கிணறு வெட்டினோம். அவர்கள் அதை நிலத்தில் விழவே விடாமல் கூரையில் பிடித்தார்கள்.

ஜூராப் பண்ணை வீடு முழுவதும் அந்த ஒரு யோசனையில்தான் நிற்கிறது. அகலமான, சரிவு குறைந்த கூரை. அதில் விழும் மழை மரப் பீலிகளால் ஓடி வீட்டுக்குக் கீழே உள்ள கல் தொட்டிக்குள் இறங்கும். வெயில் படும் முன்பக்கத்தில் மனிதர், பின்பக்கத்தில் மாடு, மேலே வைக்கோல், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. நடுவில் இருட்டான குசினி. அதற்கு ஜன்னல் கிடையாது. அதன் முகடே ஒரு பெரிய மரப் புகைக்கூண்டு. பலகைகளால் கூம்பாகக் கட்டிக் கூரைக்கு வெளியே கொண்டுபோயிருப்பார்கள். அண்ணாந்து பார்த்தால் மேலே சதுரமாக ஒரு துண்டு வானம் தெரியும். அந்தக் காலத்தில் அதற்குள்தான் இறைச்சி தொங்கப்போட்டுப் புகை போடுவார்களாம்.

சுவர்கள் இரண்டு முகமுள்ளவை. வெளியே ஒரு வரிசை நல்ல கல், உள்ளே ஒரு வரிசை நல்ல கல், நடுவில் சல்லியும் சாந்தும். இரண்டு முகமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் இருக்க, இடைக்கிடை சுவரின் முழு அகலத்துக்கும் ஒரு நீளக்கல்லைக் குறுக்கே போடுவார்கள். அதற்குப் பிரெஞ்சில் ஒரு பெயர் இருக்கிறது. என் வாய்க்குள் அது நுழையாததால் நான் 'பிடிகல்' என்று வைத்துக்கொண்டேன்.

என் முதலாளி முசியே பெர்ரே. மெல்லிய ஆள், தடித்த மீசை. ஒரு புது வீட்டுக்குப் போனால் முதல் நாள் சுத்தியல் வான் வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடப்பார். வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துக் காய்ச்சல் பார்ப்பதுபோல நிற்பார். பிறகு வீட்டுக்காரரிடம் கோப்பி வாங்கிக் குடித்துக்கொண்டு, "தண்ணி எங்க போகுது?" என்று கேட்பார். வெடிப்பைக் காட்டினாலும் அதே கேள்வி, கூரையைக் காட்டினாலும் அதே கேள்வி. யார் என்ன கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "பார்ப்பம்." லீவு கேட்டாலும் பார்ப்பம். கூரை விழப்போகிறது என்றாலும் பார்ப்பம். அவர் சொன்னதெல்லாம் பிரெஞ்சில்தான், நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஓமா இல்லையா என்று கண்டுபிடிக்காமலே நான் பென்ஷன் எடுத்துவிட்டேன்.

நான் சொல்லும் வீட்டில் அப்போது இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு பாதியில் மதாம் ரோஸ், கணவனை இழந்தவர், மகன் வெளியூரில். மற்றப் பாதியில் கணவனின் தம்பி முசியே எமில், கல்யாணம் கட்டாதவர். இருவருக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வீடு ஆளுக்குப் பாதி. புகைக்கூண்டைத் தாங்கும் பெரிய உத்தரம் ஈரத்தில் உக்கி, உளுத்துப்போயிருந்ததால் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த உத்தரத்துக்கு நேர் கீழே, ஒரே குசினியை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நின்றது நான் சொன்ன சுவர். அந்தப் பக்கம் ஒரு இரும்பு அடுப்பு, இந்தப் பக்கம் ஒரு இரும்பு அடுப்பு. தண்ணீர்த் தொட்டியின் வாய்க்கு மேலேயே சுவரைக் கட்டி, இரண்டு பக்கமும் வாளி விடுகிற மாதிரி ஒரு மாடம் வைத்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அசல் பங்குக் கிணறு! வேலிச் சண்டை எனக்குத் தெரியாததா? வேலிக் கதியாலை ஒவ்வொரு வருசமும் விரலளவு அரக்கி அரக்கி நட்டு, ஒரு தலைமுறைக்குள் மற்றவன் முற்றத்தையே விழுங்குகிற ஊரில் பிறந்தவன் நான். சகோதரங்கள் முகம் பார்க்காமல், ஒரே கிணற்றில் முறை வைத்து அள்ளுவதைக் கண்ணால் கண்டவன். "முசியே, இது குடும்பச் சண்டை. எங்கட ஊரிலயும் இருக்கு" என்று பெரிய நீதவான் மாதிரிச் சொன்னேன்.

"அப்பிடியோ? பார்ப்பம்" என்றார்.

என் தீர்ப்புக்குச் சாட்சியும் கிடைத்தது. சாரம் கட்டிய முதல் கிழமை முழுதும், காலையில் நாங்கள் வந்து இறங்கும் நேரத்தில் எமில் பக்கத்திலிருந்து சுவரில் 'ணங்' என்று ஒரு அடி கேட்கும். அடுப்புக் கிண்டும் கம்பியால் அடிக்கிற சத்தம். உடனே ரோஸ் பக்கத்திலிருந்து ஒரு அடி. அதோடு சரி. நாள் தவறாது. இருவரும் வாய் திறந்து ஒருவரோடு ஒருவர் கதைத்ததை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அட கோதாரி, விடியக் கண் முழித்ததும் சண்டையை ஞாபகப்படுத்தாவிட்டால் இதுகளுக்குக் கோப்பி இறங்காது போல என்று நினைத்தேன்.

வேலைக்குத் திட்டம் போட்டவர் கிளேர் என்ற கட்டடக் கலைஞர். கெட்டிக்காரி. வந்த அன்றே சுவரின் இரண்டு நுனியிலும் டோர்ச் அடித்துப் பார்த்து, "இது வெளிச்சுவரோட பல் கோக்கேல்லை, முட்டிக்கொண்டு மட்டும் நிக்குது. பிந்திக் கட்டினது" என்றார். சரியாகத்தான் சொன்னார். பழைய குசினி ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு இடித்தது. கோபத்தில் கட்டிய சுவர்கள் சிலவற்றை நான் பிரித்திருக்கிறேன். அவற்றுக்கு ஒரு முகம்தான் இருக்கும். கட்டினவன் தன் பக்கத்தை வடிவாகப் பூசுவான். மற்றப் பக்கம் சாந்து வழிந்தபடி, கல் துருத்தியபடி கிடக்கும், அவன் பார்த்து அழட்டும் என்று. இந்தச் சுவருக்கோ இரண்டு பக்கமும் முகம். இரண்டு பக்கமும் தேர்ந்த கல், இரண்டு பக்கமும் ஒழுங்காக இழைத்த சாந்து. கொஞ்சம் கோணல், மேசன் கை இல்லை. ஆனாலும் பக்குவம். நான் இந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

உத்தரம் ஏன் உக்கியது என்று பெர்ரே கண்டுபிடித்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வழக்கம்போலத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே தொட்டி மாடத்துக்கு முன்னால் குந்தினார். தன் சுருட்டைப் பற்றவைத்து, புகையை மாடத்தின் மேல் மூலையில் மெல்ல ஊதினார். புகை திரும்பி வரவில்லை. சுவர் அதை உறிஞ்சிக் குடித்தது. என்னை ஏணியில் ஏற்றி உத்தரத்துக்குக் கிட்ட மணந்து பார்க்கச் சொன்னார். சுருட்டு மணந்தது! சுவரின் இரண்டு முகத்துக்கும் நடுவில் சல்லி நிரப்பாமல் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். தொட்டியின் ஈரக்காற்று அதன் வழியே ஏறி ஏறி உத்தரத்தை உள்ளேயிருந்து தின்றிருக்கிறது.

அதனால் சுவரை இறக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. உத்தரம் மாற்றிய பிறகு திரும்பக் கட்டுவதா என்பதுதான் கேள்வி. கிளேர் முடிவாகச் சொன்னார், "இல்லை. வீடு ஆதியில இருந்தபடி ஒரே குசினி. என்ர வரைபடத்தில சுவர் கிடையாது."

எமில் தோளைக் குலுக்கினார். "எனக்கு எப்பிடியெண்டாலும் சரி."

மதாம் ரோஸ் மட்டும் எழுந்து நின்றார். "சுவர் திரும்ப வராட்டி நான் இந்த வீட்டில இருக்கமாட்டன். டவுனில முதியோர் இல்லம் இருக்கு, அங்க போறன்."

"ஏன் மதாம்?" என்று கிளேர் தன்மையாகத்தான் கேட்டார்.

ரோஸ் கதவைத் திறந்துகொண்டு தன் பாதிக்குப் போய்விட்டார். அவர் அந்த வீட்டுக்கு மணப்பெண்ணாக வந்தவர். எமில் முகத்தைப் பார்ப்பதைவிட வீட்டைவிட்டே போகலாம் என்கிற அளவுக்குப் பகையா! 

சுவரைப் பிரித்தது நான். மேலிருந்து வரிசை வரிசையாக. முதலில் படம் எடுத்து, ஒவ்வொரு கல்லின் தலையிலும் சுண்ணக்கட்டியால் இலக்கம் போட்டேன். திரும்பக் கட்டாத சுவருக்கு இலக்கம் எதற்கு என்று கேட்டேன். "பார்ப்பம்" என்றார் பெர்ரே. சாந்தை உளியால் கிளப்பி, கல்லைக் கையால் தூக்கி, இடது முகத்துக் கல் இடது குவியலுக்கு, வலது முகத்துக் கல் வலது குவியலுக்கு. உள்ளே நாங்கள் நினைத்தபடியே வெறுமை. இரண்டு மெல்லிய சுவர்கள் முதுகோடு முதுகு வைத்து நின்றிருக்கின்றன. பிடிகல் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு காலம் விழாமல் நின்றதே பெரிய காரியம்.

பாதிக்குக் கீழே வந்தபோது ஒரு கல் அசைய மறுத்தது. இந்தப் பக்கத்துச் சாந்தை எடுத்தேன், அசையவில்லை. அந்தப் பக்கம் போய் எடுத்தேன், பிறகுதான் ஆடியது. இரண்டு முகத்தையும் தொடுகிற நீளக்கல். முழுச் சுவருக்கும் அந்த ஒரு பிடிகல். அடுப்படி நாற்காலியில் இருந்தால் கை எட்டுகிற உயரம். இரண்டு நுனியிலும் சின்னக் குழி, கறுப்பாக, வழவழவென்று, உரலின் குழி தேய்ந்த மாதிரி. காலை அடி விழுந்த இடம் இதுதான்! கல்லே தேயும் அளவுக்குச் சண்டை பிடித்திருக்கிறார்களே என்று நான் வாயில் கை வைத்தேன்.

பெர்ரே ஒரு நுனிக் குழிக்குள் பெருவிரலை வைத்துப் பார்த்தார். சுற்றிப் போய் மற்ற நுனியில் வைத்துப் பார்த்தார். "இதை மற்றக் கல்லோட போடாத. தாழ்வாரத்தில தனிய வை" என்றார். 

உத்தரம் மாற்றினோம். குசினி ஒன்றாகியது. புகைக்கூண்டிலிருந்து வெளிச்சம் நடுவில் விழ, இடம் கோயில் மண்டபம் மாதிரி இருந்தது. கிளேருக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் ஒரு வேலை செய்தேன். எங்கள் ஊரில் கோபக்காரரைச் சேர்த்துவைக்க ஒரு வழிதான், ஒன்றாக இருத்திச் சாப்பாடு போடுவது. ராணி, என் மனைவி, மரக்கறி ரோல்ஸ் சுட்டுத் தந்தாள். "ரெண்டுபேரும் கடிக்கேக்க ஒருத்தரை ஒருத்தர் பாக்கத்தானே வேணும்" என்று அவளுக்கும் நம்பிக்கை. நடுவில் மேசை போட்டு இருவரையும் கூப்பிட்டேன். வந்தார்கள், இருந்தார்கள், சாப்பிட்டார்கள். எமில் உறைப்பில் இருமினார். ரோஸ் தண்ணீர்க் கோப்பையை அவர் பக்கம் தள்ளினார். சரிவருகிறது என்று நான் உள்ளுக்குள் துள்ளினேன். இருவரும் நன்றி சொல்லிவிட்டு, ஒருவரை ஒருவர் பாராமல், ஆளுக்கொரு கதவால் போய்விட்டார்கள். அந்தக் கிழமையே ரோஸ் பெட்டியோடு முதியோர் இல்லத்துக்குப் போனார்.

அடுத்தடுத்த நாட்களில் தரைக்கல் பதிக்கப் போனோம். காலையில் எமில் அடுப்புக்குப் பக்கத்தில் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். கிண்டவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தார். எதிரே வெறும் இடம். பகைவன் போனால் மனிதன் சந்தோஷப்பட வேண்டாமா? எனக்குத் தாங்கமுடியாமல் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"முசியே எமில், குறை நினைக்காதேங்கோ. உந்தச் சுவர் என்னத்துக்குக் கட்டினது?"

அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரோஸ்தான் கேட்டவா. அண்ணை செத்த பிறகு. எங்களைப் பற்றி ஊரில கதை வந்திது. சுவர் இல்லாட்டி ரெண்டு பேரில ஒராள் வீட்டை விட்டுப் போயிருக்கவேணும். ரெண்டு பேருமாச் சேர்ந்துதான் கட்டினனாங்கள். அவா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

"அப்ப சண்டை இல்லையோ?"

"என்ன சண்டை?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

எனக்கு ஒரு கோதாரியும் விளங்கவில்லை. அன்றைக்கு நிலைக்கல் வெடிப்பை அடைத்துக்கொண்டே முழுக் கதையையும் பெர்ரேயிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வேலை முடிந்ததும் வானை வீட்டுப் பக்கம் விடாமல் டவுனுக்கு விட்டார்.

முதியோர் இல்லத்தில் மதாம் ரோஸின் அறை துப்புரவாக, சூடாக இருந்தது. ஜன்னலால் ஏரி தெரிந்தது. ரோஸ் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். குளிர், மழை என்று ஏதோ கதைத்தோம். நான்தான் அவசரக்குடுக்கையாகக் கேட்டுவிட்டேன்.

"மதாம், நீங்கள்தான் அந்தச் சுவரைக் கட்டச் சொன்னதெண்டு எமில் சொன்னார்."

"நானோ?" ரோஸுக்குச் சிரிப்பு வந்தது. "அவர்தான் கேட்டவர். கூச்சக்காரன். ஆரும் பாத்துக்கொண்டிருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவருக்காகத்தான் நான் ஓமெண்டனான்."

நான் பெர்ரேயைப் பார்த்தேன். பெர்ரே தன் மீசையைத் தடவினார். இருவரில் யார் பொய் சொல்லுகிறார்கள்? இல்லை, யாருமே கேட்காத ஒரு சுவரை, மற்றவர் கேட்டதாக நினைத்து இருவரும் கட்டினார்களா? அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

நாங்கள் எழும்பும்போது ரோஸ் கேட்டார், "அந்த நீளக் கல்லை எறிஞ்சு போட்டியளோ?"

நாங்கள் அந்தக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"இல்லை மதாம். தாழ்வாரத்தில கிடக்கு" என்றார் பெர்ரே.

"விடியக்காலமை அவர் எழும்பிட்டார் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும் இப்ப?" என்று கேட்டுவிட்டு ரோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அழுகையில் சத்தமே இல்லை.  வேலிச் சண்டை தெரிந்த நீதவான் நான், வான் வரைக்கும் தலையை நிமிர்த்தாமல் நடந்தேன்.

அடுத்த நாள் கிளேர் வேலை பார்க்க வந்தார். எமிலும் குசினிக்குள் நின்றார். சுவரைத் திரும்பக் கட்டலாமா என்று கேட்பார் என்று நான் பெர்ரேயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ தரையைப் பார்த்தபடி, "மதாம், குளிர் வருது. விறகை எங்க அடுக்கிறது?" என்று கேட்டார்.

"அது வீட்டுக்காரற்ற விருப்பம். அடுப்புக்குக் கிட்ட வையாட்டிச் சரி. விறகு எங்க கிடக்கவேணுமெண்டு என்ர வரைபடத்தில இல்லை" என்றார் கிளேர். சொல்லிவிட்டு எமிலை ஒருமுறை பார்த்தார். கிளேர் தெரிந்துதான் சொன்னாரா? பெர்ரே யோசித்துத்தான் கேட்டாரா? எனக்கு யார் விளங்கப்படுத்துவது?

கடைசிப் பூச்சுக்கு நாங்கள் போன அன்று குசினிக்குள் ஆள் நடமாட்டம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முதியோர் இல்லத்திலிருந்து பெட்டியோடு திரும்பி வந்திருந்த மதாம் ரோஸ் ஒரு பக்கம், எமில் மற்றப் பக்கம். பழைய சுவர் நின்ற கோட்டிலேயே விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முதுகோடு முதுகாக இரண்டு வரிசை. ரோஸ் தன் பக்கத்துக்கு நேரான கட்டைகளைத் தேடித் தேடி வைத்தார், எமில் தன் பக்கத்துக்கு. இடுப்பு உயரம் வந்ததும் எமில் என்னைப் பார்த்து, "சிவா, அந்தக் கல்லு" என்றார். தாழ்வாரத்தில் கிடந்த பிடிகல்லை நான் தூக்கி வந்து குறுக்கே வைத்தேன், இரண்டு குழியும் இரண்டு பக்கமும் தெரிய. அதற்கு மேலே இருவரும் தொடர்ந்து அடுக்கினார்கள். கடைசிக் கட்டை வைத்தபோது ஒருவர் முகம் ஒருவருக்கு மறைந்துபோனது. 

வானில் ஏறும்போது, "இப்ப என்ன முசியே?" என்று கேட்டேன்.

"பாத்தாச்சு" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

இவ்வளவும் நடந்து வருடங்கள் ஓடிவிட்டன. பெர்ரேயும் காலமாகிவிட்டார். மகளின் காரில் ராணியும் நானும் மலை ஏறினோம்.

"அப்பா, நாங்கள் எடுத்தது ஒரு பாதிதான்" என்றாள் துஷி. "இதில இருந்தவர் போன மாரிகாலம் செத்துப்போனாராம். மற்றப் பாதியில ஒரு வயசுபோன மதாம் தனிய இருக்கிறாவாம். காது அரைகுறையாத்தான் கேக்குமாம், ஆனபடியால் தொந்தரவு குடுக்காதேங்கோ எண்டு வீட்டை வாடகைக்கு விடுற அவாவின்ர மகன் சொன்னவர்."

எமில் போய்விட்டார்.  வீட்டுக்குள் போனதும் நான் முதலில் குசினிக்குத்தான் போனேன். விறகுச் சுவர் நின்றது. சாம்பல் நிறமாக, காய்ந்து, எறும்பு போன தடங்களோடு. நடுவில் பிடிகல். அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் கம்பி தொங்கியது.

மறுநாள் காலையில் தேத்தண்ணி வைக்கலாம் என்று நான் எழும்பிப் போய் அடுப்படி நாற்காலியில் இருந்தேன். அந்தப் பக்கம் செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. பிறகு, 'ணங்.'

ஒரே ஒரு அடி. முன்பெல்லாம் முதல் அடி எமிலுடையது. எமில் இல்லை என்பது ரோஸுக்குத் தெரியாதா? தெரியும், செத்தவீட்டுக்குப் போயிருப்பார். பிறகு யாருக்குத் தட்டுகிறார்? பழக்கத்தில் கை தட்டுகிறதா? நான் திருப்பித் தட்டினால் அந்த மனுசி பயந்துவிடாதா? தட்டாவிட்டால்? செத்தவனின் பதிலைச் சொல்ல நான் யார்?

ராணி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "என்னப்பா சத்தம்?"

"மதாம் ரோஸ் தட்டுறா."

"அப்ப திருப்பித் தட்டுங்கோவன்."

"பார்ப்பம்" என்றேன். என் வாயில் அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"என்னத்தைப் பாக்கிறது? வயசுபோன மனுசி தனியக் கிடந்து தட்டுது, இவர் இருந்து பாக்கிறாராம்!" ராணி ஆணியிலிருந்து கம்பியை எடுத்துப் பிடிகல்லில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. செருப்புச் சத்தம்கூட இல்லை.  பிறகு நாற்காலி இழுபட்டது. கோப்பிப் பானையின் மூடி திறந்தது. கரண்டி கோப்பையில் பட்டது.

"பாத்தியளே, அவ்வளவுதான்" என்று ராணி தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையும் தட்டு வந்தது. அன்றைக்கு நான் தட்டினேன். மத்தியானம், நான் முன்பு இங்கே வேலை செய்தவன் என்று ராணி சொல்லித் தெரிந்துகொண்டிருந்த துஷி காருக்குள் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு இஞ்ச ஆர் வருகினம்?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை அப்பா. அடுத்த கிழமைதான் வேற ஆக்கள் வருகினமாம்."

"அதுவரைக்கும் நானும் அம்மாவும் நிக்கேலுமோ எண்டு மதாமின்ர மகனைக் கேட்டுப்பார்."

துஷி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் அப்பா? பென்ஷன் எடுத்தாச்சு. இந்த வீட்டில இன்னும் வேலை ஏதும் மிச்சம் இருக்கோ?"

"ஓம்" என்றேன்.